வேதியியல் பயிற்சி ஆசிரியர் உங்களிடம் வருகிறாரா? முதன்முறை வழிகாட்டும் ஆசிரியருக்கு

ஒரு நாள் காலை தலைமையாசிரியர் உங்களை அறைக்குக் கூப்பிடுவார். கல்லூரிக் கடிதத்தோடு இரண்டு பி.எட். மாணவர்கள் அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். “கெமிஸ்ட்ரி உங்ககிட்டதான். பார்த்துக்கோங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பாடம் நடத்தத் தெரிந்தவருக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுக்கவும் தானாகவே தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஆண்டுகளில் என்னிடம் வந்தவர்களுக்கு நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. இந்தக் கட்டுரையை எழுத அதுவும் ஒரு காரணம்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. அதில் 20 வாரம் பள்ளியில் கழிய வேண்டும்; 16 வாரம் இரண்டாம் ஆண்டில் வரும். நான்கு மாதம் என்பது சின்னக் காலம் இல்லை. ஒழுங்காகப் பயன்படுத்தினால் ஒருவர் வாழ்நாள் முழுக்க நடத்தப்போகும் பாடங்களின் போக்கையே மாற்றிவிடலாம். இல்லையென்றால் ஆசிரியர் வராத வகுப்பில் உட்காருவது, மதிப்பெண் பதிவேடு எழுதுவது, விழாவுக்கு அலங்காரம் செய்வது என்று அது கரைந்துபோகும். முதல் நாளே தலைமையாசிரியரிடம் பேசி, உங்கள் பயிற்சி ஆசிரியருக்கு ஒரு வகுப்பையும் ஒரு பிரிவையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பு கிடைத்தால் நல்லது. பத்தாம் வகுப்பின் தேர்வு அவசரம் அங்கே இல்லை. அணு அமைப்பு, வேதிப்பிணைப்பு, அமிலங்கள் காரங்கள் உப்புகள் என்று வேதியியலின் அடித்தளம் முழுக்க அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம்: கடைசி பெஞ்ச்

உடனே சாக்பீஸைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். ஆனால் அவர் பார்க்க வேண்டியது உங்களை இல்லை. உங்களைப் பார்த்தால் நீங்கள் நடத்துவதைப் போல் நடத்தப் பழகுவார், அவ்வளவுதான். ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: நன்றாகப் படிப்பவர் ஒருவர், தமிழ் வாசிக்கவே தடுமாறுபவர் ஒருவர், எப்போதும் அமைதியாக இருப்பவர் ஒருவர், மற்ற இருவர் அவர் விருப்பம். நீங்கள் பேசும்போது அந்த ஐவரும் நோட்டில் என்ன எழுதுகிறார்கள், எந்த இடத்தில் கை நிற்கிறது, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எதைத் திருத்துகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வரட்டும். முதல் நாள் அவர் நோட்டில் ஒன்றும் இருக்காது. நான்காம் நாள் அவரே வந்து சொல்வார்: “மேடம், அந்தப் பொண்ணு நீங்க போர்டுல எழுதினதை எல்லாம் சரியா எழுதியிருக்கா. ஆனா ஆக்சைடுன்னா என்னன்னு கேட்டா தெரியல.” அந்த வாக்கியம் வந்துவிட்டால் பயிற்சி தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அதே இரண்டு வாரத்துக்குள் பிள்ளைகளுக்கு ஒரு சின்னத் தாள் கொடுக்கச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். நான் வைத்திருக்கும் கேள்விகள் நான்கு.

கொதிக்கும் தண்ணீரில் எழும் பெரிய குமிழிக்குள் என்ன இருக்கிறது? ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கலக்கிக் கரைத்துவிட்டால் மொத்த எடை கூடுமா, குறையுமா, கலக்கும் முன் இருந்த அளவே இருக்குமா? செம்புக் கம்பி செந்நிறம். ஒரே ஒரு செம்பு அணுவும் செந்நிறமாகத்தான் இருக்குமா? மிளகாய் ஒரு காரமா?

பயிற்சி ஆசிரியர் இந்தத் தாள்களைத் திருத்தும்போது பக்கத்தில் இருங்கள். குமிழிக்குள் காற்று என்று ஒரு கூட்டம் எழுதியிருக்கும். கொஞ்சம் படித்த பிள்ளைகள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று எழுதியிருப்பார்கள். நீராவி என்று எழுதியவர்கள் சிலரே இருப்பார்கள். சர்க்கரை கரைந்து ‘காணாமல்’ போனதால் எடை குறையும் என்று பலர் சொல்வார்கள். இளநிலையும் முதுநிலையும் வேதியியல் படித்துவிட்டு வந்தவருக்கு இது பெரிய அதிர்ச்சி. அந்த அதிர்ச்சி அவருக்கு வேண்டும். தாள்களைக் கட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசி வாரம் தேவைப்படும்.

சொற்கள்: தமிழ்வழி வகுப்பின் மறைந்த சிக்கல்

நான்காவது கேள்வியைப் படித்துச் சிரிக்கும் பயிற்சி ஆசிரியர்கள் உண்டு. தாள்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும். வீட்டில் ‘காரம்’ என்றால் மிளகாய்தான், மிளகுதான். பாடப்புத்தகத்தில் காரம் என்றால் சோடியம் ஹைட்ராக்சைடு. “இது வேறு, அது வேறு” என்று ஒரு முறை கூட நாம் வாய்விட்டுச் சொல்லாவிட்டால், பிள்ளை தன் நாக்கை நம்பும். நம்பத்தான் வேண்டும், அனுபவம் என்று அதனிடம் இருப்பது அதுதானே.

நான் பயிற்சி ஆசிரியர்களோடு அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான். அவர்களில் பலர் கல்லூரியில் ஆங்கிலவழியில் படித்தவர்கள். கருத்து தலைக்குள் ஆங்கிலத்தில் இருக்கிறது. வகுப்பில் நிற்கும்போது புத்தகத்திலுள்ள தமிழ்ச் சொல்லைத் தேடி எடுத்துவைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குத் தெருவில் வேறொரு வாழ்க்கை இருப்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

‘கரைதல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கரைஞ்சிடுச்சு என்கிறோம். சர்க்கரை கரைஞ்சிடுச்சு என்கிறோம். பீரோவில் வைத்த பூச்சி உருண்டையும் கரைஞ்சிடுச்சு என்கிறோம். வீட்டுத் தமிழில் மூன்றும் ஒரே சொல். வேதியியலில் முதலாவது உருகுதல், இரண்டாவது கரைதல், மூன்றாவது பதங்கமாதல். ஒன்றில் ஒரே பொருள் திடத்திலிருந்து திரவமாகிறது. இன்னொன்றில் இரண்டு பொருள்கள் துகள் அளவில் கலக்கின்றன. மூன்றாவதில் திரவ நிலையைத் தொடாமலே திடம் வாயுவாகிறது. பத்தாம் வகுப்பில் ‘கரைசல்கள்’ பாடம் தொடங்கும்போது பிள்ளையின் மனதில் இந்த மூன்றும் ஒரே குவியலாகக் கிடந்தால், கரைதிறன் என்ற சொல் எங்கே போய் ஒட்டும்?

‘அடர்’ அமிலம் என்பதை ‘அடர்த்தி’யோடு சேர்த்துக்கொள்கிறார்கள். ‘வலிமை மிகு அமிலம்’ என்பதை அடர் அமிலத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் தண்ணீர் நிறையச் சேர்த்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வலிமை மிகு அமிலம்தான், ஏனென்றால் அது நீரில் கிட்டத்தட்ட முழுவதும் அயனியாகிறது. தண்ணீர் மிகக் குறைவாக உள்ள அடர் அசிட்டிக் அமிலம் வலிமை குறைந்ததுதான். எவ்வளவு கலந்திருக்கிறது என்பது ஒரு கேள்வி. கலந்ததில் எவ்வளவு அயனியாகிறது என்பது வேறொரு கேள்வி. ‘உப்பு’ என்றால் சாப்பாட்டு உப்பு மட்டும்தான். அதனால் மயில் துத்தத்தை உப்பு என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். ‘ஆசிட்’ என்றால் கழிப்பறை கழுவுவது. எலுமிச்சையில் ஆசிட் என்றால் பயம்.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் பயிற்சி ஆசிரியர் அந்தப் பாடத்தின் சொற்களை ஒரு தாளில் எழுதட்டும். பக்கத்தில், அந்தச் சொல் வீட்டிலும் கடையிலும் எந்தப் பொருளில் புழங்குகிறது என்று எழுதட்டும். அவர் வேறு மாவட்டத்துக்காரர் என்றால் ஆய்வக உதவியாளரிடமோ சத்துணவு அம்மாவிடமோ கேட்டு எழுதட்டும். இரண்டும் மோதும் சொல் எதுவோ, அதிலிருந்துதான் அன்றைய வகுப்பு தொடங்க வேண்டும். “உங்க வீட்டுல காரம்னா என்ன?” என்று கேட்டுத் தொடங்கிய ஒரு பயிற்சி ஆசிரியரின் வகுப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிள்ளைகள் சொன்னதை எல்லாம் கரும்பலகையின் இடப்பக்கம் எழுதினார். பிறகு சுண்ணாம்புத் தண்ணீரையும் சோப்புத் தண்ணீரையும் மஞ்சள் தடவிய தாளில் சொட்டினார். தாள் சிவந்தது. மிளகாய் ஊறிய தண்ணீரைச் சொட்டினார். தாள் மஞ்சளாகவே இருந்தது. வலப்பக்கம் ‘வேதியியலில் காரம்’ என்று எழுதினார். முன்வரிசையில் ஒரு பையன், “அப்ப ஆரத்தித் தண்ணி செவப்பா இருக்கிறதும் இதுதானா மிஸ்?” என்று கேட்டான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது அவன் வீட்டு வாசலில் எத்தனையோ முறை பார்த்தது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் மிளகாயைக் காரம் என்று எழுதவில்லை.

கண்ணில் படுவது, படாதது, எழுதுவது

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991-ல் எழுதிய ஒரு கட்டுரையில், வேதியியல் ஏன் கடினமாக இருக்கிறது என்பதை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார். ஒரு மூலையில் கண்ணால் காண்பது: நிறம், குமிழி, வெப்பம். இன்னொரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத அணுக்களும் மூலக்கூறுகளும். மூன்றாவது மூலையில் குறியீடுகளும் சமன்பாடுகளும். வேதியியல் தெரிந்தவர் நினைத்த நேரத்தில் ஒரு மூலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுவார். தாவியதே அவருக்குத் தெரியாது. புதிதாகக் கற்பவருக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் தூக்கிக் கொடுத்தால் தலை தாங்காது.

பயிற்சி ஆசிரியர் பி.எட். தேர்வுக்காக இதைப் படித்திருக்கவும் கூடும். வகுப்பில் அவருடைய கால் எப்போதும் குறியீட்டு மூலையிலேயே நிற்கும். ஒரு முறை பார்த்தது இது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் உண்டாகும் வினையைச் சமன்படுத்தச் சொல்லியிருந்தார். ஒரு மாணவி நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே 2 போட்டு, “சமன் ஆயிடுச்சு மிஸ்” என்றாள். உண்மையில் இரு பக்கமும் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. பயிற்சி ஆசிரியர், “கீழே இருக்கிற எண்ணை மாத்தக் கூடாது, முன்னாடிதான் போடணும்” என்று திருத்திவிட்டு நகர்ந்தார். விதி சரி. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது ஒரு கட்டளையாக மட்டுமே போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை ஒரு பை களிமண்ணும் கொஞ்சம் ஈர்க்குச்சியும் கொண்டுவரச் சொன்னேன். சின்ன உருண்டை ஹைட்ரஜன், பெரிய உருண்டை ஆக்சிஜன். மறுநாள் அதே மாணவியிடம் கொடுத்து, தான் எழுதிய வாய்பாட்டை அப்படியே கட்டச் சொன்னார் பயிற்சி ஆசிரியர். கட்டினாள். பக்கத்தில் தண்ணீர் மூலக்கூறு ஒன்றையும் கட்டச் சொன்னார். இரண்டையும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தவள், “மிஸ், இது தண்ணியே இல்லையே, வேற பொருளா?” என்றாள். ஆமாம், புண் கழுவும்போது நுரைக்குமே ஹைட்ரஜன் பெராக்சைடு, அதுதான் இது. கீழே உள்ள எண்ணைத் தொட்டால் பொருளே மாறிவிடும் என்பதை அவள் கையே கண்டுபிடித்தது.

இதை ஒரு பழக்கமாக்குங்கள். பயிற்சி ஆசிரியர் கரும்பலகையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளட்டும். இடது பகுதியில் பார்த்தது, நடுவில் துகள் படம், வலதில் சமன்பாடு. இடது பகுதி நிரம்பாமல் வலது பகுதியில் சாக்பீஸ் படக் கூடாது. நான்கைந்து வாரத்துக்குப் பிறகு கோடு தேவைப்படாது.

பாடக்குறிப்பு

கல்லூரி கேட்கும் பாடக்குறிப்பு பக்கம் பக்கமாக நீளும். நோக்கம், திறன், துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டங்கள். அதை அவர் எழுதித்தான் ஆக வேண்டும், நீங்கள் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதில் நேரம் செலவழிக்காதீர்கள். அதற்கு மேல் அரைத்தாள் ஒன்று கேளுங்கள். இன்று பிள்ளைகள் கையால் என்ன செய்யப்போகிறார்கள்? எந்த இடத்தில் தவறாகப் புரிந்துகொள்வார்கள்? புரிந்ததா என்று மணி அடிக்கும் முன் எனக்கு எப்படித் தெரியும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத நாளில் வகுப்பை நீங்கள் எடுங்கள். இரண்டாவது கேள்விதான் கடினம். அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-ல் சொன்னதும் இதைத்தான்: பாடம் தெரிவது வேறு, கற்பிக்கும் முறை தெரிவது வேறு, இந்தப் பாடத்தில் இந்த இடத்தில் பிள்ளை எப்படித் தடுக்கி விழும் என்று தெரிவது மூன்றாவது வகை அறிவு.

செய்து பார்க்காத சோதனை வகுப்புக்குள் வரக் கூடாது

இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. எவ்வளவு எளிய சோதனையாக இருந்தாலும் முந்தின நாள், அதே பொருளை வைத்து, அதே மேசையில், என் முன்னால் ஒரு முறை செய்து காட்ட வேண்டும்.

காரணம் சொல்கிறேன். கல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துக் கிளம்பும் என்பது நம் ஊரில் வெள்ளையடிப்பதைப் பார்த்த எவருக்கும் தெரியும். கால்சியம் ஆக்சைடும் நீரும் சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடாகும் வெப்ப உமிழ் வினை. சேர்க்கை வினைக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஒரு பயிற்சி ஆசிரியர் கடையில் சுண்ணாம்பு வாங்கி நேராக வகுப்புக்கு வந்துவிட்டார். அன்று நான் முன்கூட்டிக் கேட்கத் தவறிவிட்டேன். தண்ணீர் ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது பிள்ளைகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குவளையைத் தொட்டுப் பார்த்த பையன், “ஜில்லுன்னுதான் இருக்கு மிஸ்” என்றான். அவர் முகம் வெளிறிவிட்டது. “சூடாகியிருக்கணும், சூடாச்சுன்னு எழுதிக்கோங்க” என்றார்.

நான் அன்று வருந்தியது சோதனை தோற்றதற்காக இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்துக்காக. நடக்காததை நடந்ததாக எழுதச் சொல்லும் நிமிடத்தில், கண்ணால் பார்த்ததை நம்பாதே, புத்தகத்தை நம்பு என்று கற்றுக்கொடுத்துவிடுகிறோம். அறிவியல் ஆசிரியர் செய்யக் கூடாதது அது ஒன்றுதான் என்று கூடச் சொல்வேன். மறுநாள் அவரும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். அந்தச் சுண்ணாம்பு மூட்டை திறந்தே கிடந்த பழையது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஏற்கெனவே நீறிவிட்டது. ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கார்பனேட்டாகவும் ஆகியிருக்கும். அடுத்த வகுப்பில் இரண்டு குவளை வைத்தார். ஒன்றில் பழைய கல், இன்னொன்றில் புதிதாகக் கொண்டுவந்து டப்பாவில் அடைத்த கல். ஒன்று சும்மா இருந்தது, மற்றொன்று சீறிக்கொண்டு ஆவி விட்டது. “நேத்து ஏன் வரல?” என்று அவர் கேட்டதும் பிள்ளைகளே காரணத்தைத் தேடத் தொடங்கினார்கள். முதல் நாளே வெற்றிகரமாக நடந்திருந்தால் இவ்வளவு கற்றிருக்க மாட்டார்கள்.

இதே சோதனைக்குப் பாதுகாப்பு முக்கியம். நெல்லிக்காய் அளவுக்கு மேல் கல் வேண்டாம். கண்ணில் கண்ணாடி வேண்டும். பிள்ளைகள் ஒரு கை தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். சூடான சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். மக்னீசியம் நாடா எரிக்கும்போது முதலில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே உள்ள ஆக்சைடு படலத்தால் பற்றாது. எரியும்போது அந்த வெளிச்சத்தை நேராகப் பார்க்கக் கூடாது என்று பற்றவைக்கும் முன்பே சொல்ல வேண்டும். துத்தநாகமும் நீர்த்த அமிலமும் வைத்து ஹைட்ரஜன் தயாரித்தால், சோதனைக்குழாயில் பிடித்த வாயுவை மட்டும், குடுவையிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்ப் பற்றவைக்க வேண்டும். குடுவையின் குழாய் முனையில் தீக்குச்சி காட்டுவது வெடிவிபத்தை அழைப்பது.

அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்வதைப் பயிற்சி ஆசிரியர் நீங்கள் பக்கத்தில் நிற்க மூன்று முறையாவது செய்திருக்க வேண்டும். தண்ணீரில் அமிலத்தை, சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு. ஆய்வகத்தில் எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, மணல் வாளி எங்கே இருக்கிறது என்று முதல் வாரமே சுற்றிக் காட்டிவிடுங்கள்.

மோல்

பத்தாம் வகுப்பு ‘அணுக்களும் மூலக்கூறுகளும்’ பாடத்தில் பயிற்சி ஆசிரியர்கள் 6.022 × 10²³ என்ற அவகாட்ரோ எண்ணை முதலில் எழுதிவிட்டு, அதன் பிரமாண்டத்தை விளக்கப் பத்து நிமிடம் செலவிடுவார்கள். பிள்ளைகள் வியப்பார்கள், ஆனால் கணக்கு போடத் தெரியாது. எண்ணைக் கடைசியில் வையுங்கள். முதலில் எடை.

ஆய்வகத் தராசும் கொஞ்சம் கொண்டைக்கடலையும் பச்சைப் பட்டாணியும் போதும். 50 கடலையை எடை போடட்டும். 50 பட்டாணியை எடை போடட்டும். இரண்டு எடைக்கும் உள்ள விகிதத்தை எழுதட்டும். 100 வைத்து மறுபடி செய்யட்டும். எடை மாறும், விகிதம் கிட்டத்தட்ட மாறாது. இப்போது ஒரு பொட்டலம் கடலையைக் கொடுத்து, எண்ணாமல் எத்தனை இருக்கிறது என்று சொல்லக் கேளுங்கள். ஆணிக் கடைக்காரர் தினமும் செய்யும் வேலைதான் இது. அங்கிருந்து அணுவுக்குப் போகலாம். கார்பன் 12, ஆக்சிஜன் 16. 12 கிராம் கார்பனிலும் 16 கிராம் ஆக்சிஜனிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அந்த எண்ணிக்கைக்குத்தான் மோல் என்று பெயர். அளவு உருளையில் 18 மில்லி தண்ணீரை ஊற்றிக் காட்டுங்கள்: ஒரு மோல் தண்ணீர், ஒரே மடக்கு. அவகாட்ரோ எண்ணை இப்போது கரும்பலகையில் எழுதினால் அது எதை எண்ணுகிறது என்று வகுப்புக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி கேட்டபின் காத்திருத்தல்

1970-களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். பயிற்சி ஆசிரியரின் செல்போனில் ஒரு வகுப்பை ஒலிப்பதிவு செய்து அவரையே கேட்கச் சொல்லுங்கள். தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியும். “புரிஞ்சுதா?” என்ற கேள்வி எத்தனை முறை வந்தது என்று எண்ணச் சொல்லுங்கள். அதற்கு எந்த வகுப்பும் ‘புரியுது மிஸ்’ என்றுதான் கோரஸ் பாடும்.

வகுப்பு முடிந்தபின் பத்து நிமிடம்

அவர் நடத்தும்போது குறுக்கே பேசாதீர்கள். பிள்ளைகள் முன்னால் ஒரு முறை திருத்திவிட்டால் அந்தப் பிரிவில் அவர் சொல்லுக்கு மதிப்பு போய்விடும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் எழுந்து போய் நிறுத்துங்கள். கருத்தைத் தவறாகச் சொல்லிவிட்டால் குறித்துவைத்து, மறுநாள் அவரே வகுப்பில், “நேத்து நான் சொன்னதுல ஒரு தப்பு இருந்துச்சு” என்று திருத்தும்படி செய்யுங்கள்.

மணி அடித்ததும் பத்து நிமிடம் உட்காருங்கள். முதலில் அவர் பேச வேண்டும். “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா போச்சு மேடம்” என்பார். “மூணாவது வரிசைப் பையன் என்ன எழுதினான்?” என்று கேளுங்கள். பிறகு நீங்கள் பார்த்ததில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். பன்னிரண்டு குறை கண்ணில் பட்டிருக்கும். பன்னிரண்டையும் சொன்னால் எதுவும் மாறாது. ஒரு நாளைக்கு ஒன்று என்றால் 16 வாரத்தில் நிறைய.

தரம் பார்த்தல்

பயிற்சி ஆசிரியர் முதுகலை முடித்தவராக இருந்தால் மேல்நிலை வகுப்பின் பருமனறி பகுப்பாய்விலும் உடன் நிறுத்துங்கள். ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இன்னொன்றில் விட்டு அளவைக் கண்டறியும் சோதனை அது; தரம் பார்த்தல் என்பது அதைத்தான். கல்லூரியில் எத்தனையோ முறை செய்திருப்பார். ஆனால் ஏன் என்று கேட்டால் திணறுவார். பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே கழுவுகிறோம், கூம்புக் குடுவையை மட்டும் வெறும் நீரால் கழுவுகிறோமே, ஏன்? குடுவையில் இருப்பது பிப்பெட் அளந்து விட்ட பொருள். தண்ணீர் கூடினாலும் அந்தப் பொருளின் அளவு மாறாது, கரைசலால் கழுவினால் கூடிவிடும். பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசிச் சொட்டை ஏன் ஊதித் தள்ளக் கூடாது? அந்தச் சொட்டு தங்கும் என்று கணக்கிட்டுத்தான் 20 மில்லி கோடு போட்டிருக்கிறது. பெர்மாங்கனேட்டில் மட்டும் ஏன் வளைந்த திரவ மட்டத்தின் மேல் விளிம்பைப் படிக்கிறோம்? கரைசலின் அடர்நிறத்தில் கீழ் விளிம்பு தெரியாது. ஆக்சாலிக் அமிலத்தை 60-70 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகும் முதல் சொட்டின் நிறம் போக ஏன் நேரமாகிறது? வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையை வேகப்படுத்துகிறது; தொடக்கத்தில் அது இல்லை. ஃபினாப்தலீன் நிறங்காட்டியின் இளஞ்சிவப்பு வைத்திருக்க வைத்திருக்க மங்குவது, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால். அதைப் பார்த்து மாணவர் மேலும் ஒரு சொட்டு விட்டுவிடக் கூடாது.

இந்த ‘ஏன்’களை எல்லாம் அவர் உங்களிடம் சொல்லி முடித்த பிறகு மாணவர்களின் மேசைக்கு அனுப்புங்கள். அங்கே அவர் செய்யக் கூடாத ஒன்று, மாணவர் கையிலிருந்து பியூரெட் திருகை வாங்கித் தானே முடிவு நிலையைக் கொண்டுவருவது. அளவீடு தப்பினால் தப்பட்டும். ஏன் தப்பியது என்று அந்த மாணவர் கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் நிற்கப் பழக வேண்டும். வேகமாகச் செய்யத் தெரிந்த கைக்கு அது பெரிய பாடு.

கடைசி இரண்டு வாரம்

இந்த நாட்களில் நீங்கள் வகுப்புக்கு வெளியே இருங்கள். பக்கத்து அறையில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடத்தியவர் இப்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். கல்லூரிப் பேராசிரியர் மதிப்பிட வரும் நாளுக்காகத் தனியாக ஒரு வகுப்பை ஒத்திகை பார்க்க வேண்டாம். அடுத்து வரும் பாடம் எதுவோ அதையே நடத்தட்டும். ஏற்கெனவே நடத்திய பாடத்தை மறுபடி நடத்தினால் பிள்ளைகள் எல்லாக் கேள்விக்கும் கைதூக்குவார்கள், பார்ப்பவருக்கும் அது தெரிந்துவிடும்.

கடைசி வாரம் அந்த நான்கு கேள்விகளையும் அதே பிள்ளைகளுக்கு மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள். பழைய கட்டையும் புதிய கட்டையும் அருகருகே வைத்து அவரே திருத்தட்டும். சில கேள்விகளில் பெரிய மாற்றம் இருக்கும். குமிழிக் கேள்வியில் இன்னும் சிலர் காற்று என்றே எழுதியிருப்பார்கள். அவர் அந்தப் பாடத்தை எப்படி நடத்தினார் என்று இருவரும் சேர்ந்து யோசியுங்கள். பணியில் சேரும் முதல் பள்ளிக்கு இரண்டு கட்டுத் தாளையும் அவர் எடுத்துப் போகட்டும். மிச்சமிருக்கும் குமிழிக்காரர்களுக்கு அடுத்த திங்கட்கிழமை நீங்கள் மறுபடி ஒரு முறை தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.